உங்களுக்குத் தெரியுமா? முறுக்கிக்கொண்ட டபிள்யூ-ஆர்

ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது ரிங். நட்டைத் திருகுவது ரெஞ்ச். திரும்பி வளையும் மணிக்கட்டு ரிஸ்ட். புழுப்போல நெளிவது ரிகிள், முகச்சுருக்கம் ரிங்கிள், வளைத்துக் கட்டிய மலர்வளையம் ரீத். எல்லாமே ஆங்கிலத்தில் டபிள்யூ-ஆர் என்று தொடங்குபவை. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வளைவோ முறுக்கோ இருக்கிறது! தவறு என்று நாம் படிக்கும் ‘ராங்’ கூட முதலில் ‘கோணல்’ என்றுதான் பொருள்பட்டது.

இதைக் கவனித்து 1653-லேயே எழுதி வைத்தவர் ஜான் வாலிஸ். ஆங்கில இலக்கணத்தை லத்தீனில் எழுதிய இவர் உண்மையில் கணித மேதை. முடிவிலிக்கு நாம் போடும் படுத்த எட்டு 1655-ல் இவர் அறிமுகப்படுத்தியதே.

பழைய ஆங்கிலத்தில் அந்த டபிள்யூவை வாய்விட்டு உச்சரித்தார்கள். இன்று அது எழுத்தில் மட்டும் உட்கார்ந்துகொண்டு, ஸ்பெல்லிங் டெஸ்டில் பிள்ளைகளின் மார்க்கைத் தின்கிறது. விதிவிலக்கும் உண்டு: எழுதுவதைக் குறிக்கும் ‘ரைட்’டில் முறுக்கல் இல்லை, அதன் பழைய பொருள் கீறுவது.

டபிள்யூ-ஆருக்கு முறுக்கு என்றால், எஸ்-என் ஜோடிக்கு மூக்கின் மேல் கண். குறட்டை ஸ்நோர், மோப்பம் ஸ்னிஃப், விலங்கின் நீண்ட மூக்கு ஸ்னவுட், மூக்குப்பொடி ஸ்னஃப். ஆனால் தும்மலான ‘ஸ்னீஸ்’ பிறவியில் இந்தக் குடும்பமில்லை. பழைய ஆங்கிலத்தில் அது எஃப்-என் என்று தொடங்கியது. அந்த ஜோடி வழக்கொழிந்தபின், 15ஆம் நூற்றாண்டுவாக்கில், எஸ்-என் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.