திலாப்பியாவின் வயிற்றில் என்ன இருக்கிறது?

கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவை அறுத்துக் கழுவும் சகோதரிகளே! அதன் குடலை எப்போதாவது விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நூல் சுற்றி வைத்ததுபோல், உடலைவிடப் பல மடங்கு நீளமாகப் போய்க்கொண்டேயிருக்கும். விராலுக்கோ குட்டைக் குடல்தான். புல் தின்னும் ஆட்டுக்கு நீளக் குடல், இறைச்சி தின்னும் பூனைக்குச் சிறு குடல் என்று பிள்ளைகள் படிக்கும் பாடத்தை அடுப்படியிலேயே காட்டிவிடலாம்.

இந்த மீன் நம் நாட்டுப் பிறப்பல்ல. ஆப்பிரிக்க ஆறுகளுக்குரிய இது 1952ஆம் ஆண்டு இலங்கைக் குளங்களுக்கு வந்தது. நம் சொந்த மீன்களில் பெரும்பாலானவை ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை. மன்னர்கள் கட்டிய பெருங்குளங்களின் நடுநீர் ஏறக்குறைய ஆளில்லாத வீடுபோல் கிடந்தது. வந்தவர் குடியேறிவிட்டார்! வாடைக் காலத்தில் வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது கிண்ணியா, மூதூர் வீடுகளின் ஆணத்துக்குக் கைகொடுப்பதும் குளத்து மீன்தான்.

அப்படியானால் இது பாசி தின்னும் சாதுவா? முழுவதும் அப்படிச் சொல்வதற்கில்லை. 1980களில் நம் நாட்டுக் குளங்களில் செய்த ஆய்வுகளில், ஒரே இன மீனின் உணவு குளத்துக்குக் குளம் மாறியிருந்தது. ஓரிடத்தில் மக்கிய சேறும் பாசியும். வேறிடத்தில் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் பூச்சிப் புழுக்களும். கெண்டைக் குஞ்சுகளுக்கும் அந்த நுண்ணுயிர்களே முதல் உணவு. போதாததற்கு, கண்ணில் பட்ட பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் திலாப்பியா விட்டுவைப்பதில்லை. தன் முட்டைகளை மட்டும் தாய்மீன் வாய்க்குள் வைத்துக் காக்கிறது. அந்நாட்களில் இரை எடுப்பதே அரிது.

கணக்கை ஓரளவு நேர் செய்வது நம் விரால். அதற்குத் திலாப்பியாக் குஞ்சென்றால் விருந்து.

ஆனால், கத்திபோல் தட்டையான உடலும், அடிப்பக்கம் நெடுகிலும் துடுப்பும் கொண்ட தென்கிழக்காசியக் கத்திமீனை அப்படி எண்ண முடியாது. கண்ணாடித் தொட்டி அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, கொழும்புப் பக்கம் பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டது. பாசியைத் தொடாது, இரவில் இறங்கிச் சிறு மீனையும் இறாலையும் வேட்டையாடும். தொட்டியில் வளர்ந்து பெரிதானதும் "பாவம், விட்டுவிடுவோம்" என்று யாரோ கொட்டியவைதாம் அவை. உங்கள் பிள்ளைகளின் தொட்டி மீன் பெரிதாகிவிட்டதா? குளத்துக்கோ மகாவலி வாய்க்காலுக்கோ கொண்டுபோகாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.