சிறுபிள்ளைக்கும் அதே விலை

கையில் துண்டுச் சீட்டோடு ஒரு சிறுபிள்ளை நம் மளிகைக் கடைக்கு வருகிறது. அதற்கு விலையும் தெரியாது, தராசு பார்க்கவும் தெரியாது. ஆனாலும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே விலையில், அதே எடையில் கொடுத்து அனுப்புகிறோம். ஏன்?

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் இதே கடைக்காரரை உதாரணம் காட்டுகிறார். அறம் எதன்மேல் நிற்கிறது என்பதே அந்நூலின் பொருள். "பெயர் கெட்டால் வியாபாரம் போய்விடும்" என்று எண்ணி ஒருவர் நாணயமாக நடந்தால் அந்தச் செயல் சரியானதே. ஆனால் அதற்கு அறத்தின் மதிப்பு இல்லை என்பது அவர் முடிவு. லாபக் கணக்கு மாறினால் அந்த நாணயமும் மாறிவிடும் அல்லவா?

சட்டத்துக்குப் பயந்தால் போதாதா எனலாம். 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி நம் தராசுக்கு முத்திரை உண்டு. அது அவசியம்தான். ஆனால் ஆய்வாளர் தினமும் நம் கடையில் நிற்பதில்லை.

காண்ட் சொல்லும் சோதனை எளிது. நாம் செய்யப்போவதை எல்லோரும் செய்யலாம் என்று விதியாக்கிப் பார்க்க வேண்டும். 50 கிலோ மூட்டையில் 49 கிலோ போடுவதை எல்லா மொத்த வியாபாரிகளும் வழக்கமாக்கினால், மூட்டைமேல் எழுதிய எடையை எவரும் நம்பமாட்டார். நம்புவோர் இல்லையென்றால் ஏமாற்றவும் வழியில்லை. அந்த விதி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. மனிதரை வெறும் கருவியாக நடத்தக்கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி.

நம் வள்ளுவரோ வணிகத்தையும் அறத்தையும் பிரிக்கவே இல்லை. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்பது நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளின் கருத்து.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களில் புகுந்தது. குருவிநத்தம் போன்ற ஆற்றோர ஊர்களில் இனியும் அப்படி நேரலாம். அப்போது ஒரே ஒரு கடை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசி, காய்கறி போன்ற சில்லறைச் சாமானுக்கு வண்டிக்கூலி கூடியிருந்தால் அதை விலையில் சேர்ப்பது நியாயம். வேறு கடை இல்லாத ஜனங்களின் தவிப்பையும் விலையில் சேர்ப்பது நியாயமாகாது. வாங்குபவர் திரும்ப வராத வெளியூர்க்காரராக இருந்தாலும் இதே கணக்குத்தான்.

கடைப்பையன்களுக்குத் தராசு பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போமாக.