தீவாந்தரம் போக நல்ல நாள் எது?

"தீவாந்தரம்" என்ற சொல்லைக் கேட்டாலே நம் பாட்டனார் காலத்தில் குலை நடுங்கும். 1857-ம் வருஷத்துக் கலகத்துக்கு அடுத்த ஆண்டே அந்தமானில் கைதிகளைக் குடியேற்றத் தொடங்கினார்கள் வெள்ளைக்காரர்கள். அங்கே போனவன் திரும்புவது சந்தேகம். போகும் செலவோ சர்க்காருடையது!

இன்று அதே அந்தமானுக்கு நாம் கைக்காசைச் செலவழித்து, குழந்தை குட்டிகளுடன் குதூகலமாகப் போகிறோம். ஊர்ப் பெயர்களும் மாறிவிட்டன. ஹாவ்லக் தீவு 2018-லிருந்து சுவராஜ் தீவு. நீல் தீவு, ஷஹீத் தீவு. போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஆனால் கடலும் காற்றும் பழைய கடலும் காற்றுமே. அவற்றைக் கேட்காமல் நாள் குறிப்பவர்கள் பணத்தையும் லீவையும் ஒருசேர இழந்துவிட்டு வருகிறார்கள்.

அரை விலை டிக்கெட்

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் குடும்பஸ்தர். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் அந்தமானுக்கு டிக்கெட் வாங்கினார். "பாதி விலைதான் சார்!" என்று பெருமையோடு காட்டினார். "எந்த மாதம்?" என்று கேட்டேன். "வைகாசிக் கடைசி" என்றார்.

போனார், வந்தார். நான்கு நாளும் விடாத மழை. குழந்தைகள் பார்த்ததெல்லாம் விடுதியின் ஜன்னல் கம்பிகளைத்தான். "மழையைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா, சார்?" என்று அலுத்துக்கொண்டார்.

டிக்கெட் ஏன் பாதி விலைக்குக் கிடைத்தது என்று அவர் யோசித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போட்டிருப்பார். தீவுப் பயணத்துக்கு முதலில் பார்க்கவேண்டியது பணப்பையை அல்ல, பஞ்சாங்கத்தை!

எந்த மாதம்?

தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடுகிறது. மே மாதம் மூன்றாவது வாரத்தையொட்டி அங்கே மழை பிடித்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையிலும் அந்தத் தீவுகளுக்குப் பங்கு உண்டு. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு!

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக்கடலில் புயல் உருவாகும் பயம். மார்கழியில் வானம் தெளிந்தாலும், அரைப் பரீட்சை லீவும் புது வருஷமும் சேர்ந்து விலைவாசியை உச்சாணிக் கொம்பில் ஏற்றிவிடும்.

ஆகவே தை பிறந்து பொங்கல் கூட்டம் ஓய்ந்தபின், பங்குனி முடிவதற்குள் போய் வருவதே உசிதம். கடலில் அலை அடங்கியிருக்கும். தண்ணீர் தெளிந்து, அடியில் இருக்கும் பவளப்பாறைகூடக் கண்ணுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கஷ்டந்தான். அவர்கள் பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலிலேயே கிளம்பிவிடவேண்டும். மே பாதியைத் தாண்டினால் என் நண்பரின் கதைதான்.

கப்பலா, விமானமா?

சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டரை மணிக்குள் இறங்கிவிடலாம். கப்பலும் உண்டு. சாதாரண வகுப்பில் கட்டணம் குறைவு. ஆனால் போக ஏறக்குறைய மூன்று நாள், வர மூன்று நாள். மாதத்தில் சில தடவைதான் கப்பல் புறப்படும். உத்தியோகஸ்தருக்கு லீவும் பணந்தான். பத்து நாள் லீவு எடுத்து ஆறு நாளைக் கப்பலில் கழிப்பது சிக்கனமா என்று அவரவர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். லீவுக் கணக்குப் பார்க்கத் தேவையில்லாத, ஓய்வு பெற்ற தம்பதிகளுக்கு அது நல்ல அனுபவம்.

கடல் வழி மறித்தால்?

ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்கியதோடு பிரயாணம் முடிந்துவிடுவதில்லை. சுவராஜ் தீவுக்கும் ஷஹீத் தீவுக்கும் மறுபடி கடலைக் கடக்கவேண்டும். சர்க்கார் படகில் கட்டணம் குறைவு. தனியார் படகில் வேகம் அதிகம், கட்டணமும் அதிகம். ஆனால் கடல் கொந்தளித்தால் இரண்டும் ஓடா.

2016 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. படகுகள் நின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அந்த இரு தீவுகளிலும் சிக்கிக்கொண்டார்கள். மீட்கப் போன கடற்படைக் கப்பல்களே கடல் தணியக் காத்திருக்க நேர்ந்தது. சில நாட்களுக்குப் பிறகே எல்லோரும் கரை சேர்ந்தார்கள். அந்தப் புயல்தான் 'வர்தா' என்ற பெயரோடு டிசம்பர் 12-ம் தேதி சென்னையைத் தாக்கி மரங்களைச் சாய்த்தது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இரண்டு. தொலைவான தீவுகளை முதலில் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பதைக் கடைசிக்கு வையுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளன்று படகில் வந்து விமானத்தைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முதல் நாளே ஸ்ரீ விஜயபுரத்துக்கு வந்துவிடுங்கள். அந்த ஒரு நாள் வீணாகாது. செல்லுலார் சிறைச்சாலையை நிதானமாகப் பார்க்கலாம். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த சிறை அது. ஏழு கிளைகளில் இப்போது மிஞ்சியிருப்பவை மூன்று.

பத்துப் பங்கு

பணத்தை எப்படிப் பிரிப்பது? சேர்த்த தொகையைப் பத்துப் பங்காக்குங்கள். விமானத்துக்கு நான்கு. தங்குவதற்கு இரண்டு. சாப்பாட்டுக்கு ஒன்று. படகுக்கும் வண்டிக்கும் ஒன்று. கடலுக்குள் இறங்கி மீன் பார்ப்பது, சாமான் வாங்குவது ஆகியவற்றுக்கு ஒன்று. மிச்சம் இருக்கும் பத்தாவது பங்கைத் தொடக்கூடாது! கடல் ஒரு நாள் பிடித்து வைத்துக்கொண்டால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அதுதான் கை கொடுக்கும்.

இது ஒரு யோசனைதான். கப்பலில் போகிறவர்களுக்குப் பங்கு மாறும். சாப்பாட்டில் மட்டும் கை இறுக்கிவிடாதீர்கள். பல சாமான்கள் இங்கிருந்துதான் கப்பலேறி அங்கே போகின்றன. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

சூரியன் முந்திக்கொள்வான்

இன்னொரு விஷயம். அங்கேயும் நம் கடிகாரந்தான். ஆனால் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் முந்திக்கொள்கிறான். மாலை ஐந்தரை மணி சுமாருக்கே இருட்டத் தொடங்கிவிடும். ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க, ஐந்து மணிக்குக் காப்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ஏமாற்றந்தான். விடியற்காலை ஐந்துக்கு எழுந்துகொள்பவருக்குப் பணச் செலவில்லாமல் இரண்டு மணி நேரம் லாபம்.

சங்கும் பவளமும் கரையில் கிடந்தாலும் பொறுக்கிப் பெட்டியில் போடாதீர்கள். பவளத்தை எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் சோதனை உண்டு.

வருகிற மாசி மாதம் என் நண்பர் மறுபடியும் போகிறார். இந்தத் தடவை பாதி விலை டிக்கெட் அல்ல. "ஒரு நாள் கூடுதல், பத்தாவது பங்கு தனி உறையில், அவள் பெட்டியில்" என்றார், மனைவியைக் காட்டி.

"கடல் பிடித்து வைக்காமல் விட்டுவிட்டால்?" என்று கேட்டேன்.

அம்மாள்தான் பதில் சொன்னார்: "உறையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அடுத்த சீட்டுக்குக் கட்டிவிடுவேன்!"