ஆண்டுதோறும் தடுப்பூசி எதற்கு?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையோடு நம் இல்லங்களுக்கு அழையா விருந்தாளியாக வந்து சேர்வது இன்புளூயன்சா காய்ச்சல். "மருந்து உண்டால் ஒரு வாரம், உண்ணாவிட்டால் ஏழு நாள்" என்று நகைத்து இதனைப் புறக்கணிப்போர் நம்மிடையே பலர். உடல் வலிவுள்ள இளைஞருக்கு இச்சொல் பொருந்தலாம். அதே வீட்டில் பாயில் படுத்திருக்கும் பாட்டிக்கும், தொட்டிலில் உறங்கும் சிசுவுக்கும் பொருந்துமா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

சாதாரணச் சளி மெல்ல வந்து மெல்ல நீங்கும். இன்புளூயன்சாவோ திடீரெனத் தாக்கும். கடுங்காய்ச்சல், தலைவலி, மேல்வலி, வறட்டிருமல் ஆகியவை அதன் அறிகுறிகள். முதியோர், கருவுற்ற தாய்மார், சிறு குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் உடையோர் ஆகியோரிடம் இது நிமோனியாவாக முற்றக்கூடும். உலகெங்கும் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இதனால் ஏற்படும் சுவாச நோயினால் மாள்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 1918-ம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நுழைந்த விஷக்காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியரைப் பலி கொண்டது. அதுவும் இன்புளூயன்சாவே.

"அம்மைக்கும் போலியோவுக்கும் ஆண்டுதோறும் ஊசி இல்லையே, இதற்கு மட்டும் ஏன்?" என வினவுவோர் உளர். இந்த வைரஸ் கிருமி அடிக்கடி தன் மேலுறையை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. சென்ற ஆண்டு அதனை அடையாளம் கண்ட நம் உடலின் காவற்படை, மாறுவேடத்தில் வரும் அதனை இவ்வாண்டு அறியாது போகலாம். மேலும், ஊசி தரும் காப்பும் சில மாதங்களில் குறைந்துவிடும். எனவேதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்து வரும் பருவத்திற்கான மருந்தில் எவ்வகைக் கிருமிகள் இடம்பெற வேண்டுமெனப் பரிந்துரைக்கின்றனர்.

ஊசியே காய்ச்சலை உண்டாக்கும் என்பது வீண் அச்சம். ஊசி மருந்தில் உள்ளவை செயலிழந்த கிருமிகளோ அவற்றின் கூறுகளோதாம்; அவை நோய் தரமாட்டா. ஓரிரு நாள் கைவலியும் இலேசான காய்ச்சலும் தோன்றி மறையலாம். ஊசி போட்டும் சிலருக்குக் காய்ச்சல் வருவது உண்மையே. காப்பு உருவாக இரு வாரங்கள் ஆகும். அது முழுமையானதும் அன்று. மருந்து அவ்வாண்டின் கிருமிக்கு நன்கு பொருந்தினால், மருத்துவரை நாடவேண்டிய அளவுக்கு நோயுறும் வாய்ப்பு 40 முதல் 60 விழுக்காடு குறைகிறது. நோய் வந்தாலும் அதன் கடுமை தணிகிறது.

ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு இவ்வூசி போட இயலாது. கருவுற்றிருக்கையில் தாய் போட்டுக்கொண்டால், அவள் பெறும் காப்பு பிள்ளையையும் சேரும். வீட்டிலுள்ள மற்றோரும் போட்டுக்கொண்டால் தொட்டிலைச் சுற்றி வேலியிட்டதாகும். ஆகவே, நமக்கென்று மட்டும் கணக்கிட்டு இதனைத் தள்ளிவிடலாகாது. மழை தொடங்குமுன்னரே குடும்ப மருத்துவரைக் கலந்து, அவர் கூறும் காலத்தில் போட்டுக்கொள்வது நன்று.

ஊசியோடு பழக்கமும் வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவோம். இருமும்போது கைக்குட்டையால் வாயை மூடுவோம். சன்னல்களைத் திறந்து வைப்போம். வைரஸ் கிருமியை ஆன்டிபயாடிக் மாத்திரை கொல்லாது. அதனை நாமே கடையில் வாங்கி விழுங்க வேண்டா. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் தரலாகாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம் கண்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

காய்ச்சலோடு ஞாயிறு திருப்பலிக்கு வருவதே பக்தி எனக் கருதுவோருக்கும் ஒரு சொல். நோயுற்றோரை அக்கடமை கட்டுப்படுத்துவதில்லை. மருந்தின்றியே காய்ச்சல் தணிந்து ஒரு நாளேனும் கழியும்வரை இல்லத்திலிருந்து செபிப்பது, அருகில் அமரும் முதியவருக்கு நாம் செய்யும் பிறரன்புப் பணியேயாகும்.