அவசரத்திலும் பதறாத கைகள்! - 108 மருத்துவ உதவியாளர் ஆவது எப்படி?

சாலையில் ஒரு விபத்து. சைரன் சத்தத்தோடு 108 வந்து நிற்கிறது. 'சீக்கிரம் தூக்குங்க... வண்டியில ஏத்துங்க!' என்று நாலு பக்கமும் குரல்கள்.

ஆனால், வண்டியிலிருந்து இறங்குபவர் உடனே தூக்குவதில்லை. முதலில் சுற்றிலும் பார்க்கிறார். மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா, எதிரே வண்டிகள் வேகமாக வருகின்றனவா? பிறகு அடிபட்டவரின் தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கிறார். பதில் வருகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, ரத்தம் எங்கே போகிறது என்று வரிசையாகக் கவனிக்கிறார்.

'என்னப்பா இவ்வளவு மெதுவா...' என்று கூட்டத்துக்கு எரிச்சல் வரலாம். கழுத்தெலும்பு முறிந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினால் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, ஆயுளுக்கும் எழுந்து நடக்க முடியாமல் போகலாம். அந்தச் சில நொடி நிதானத்தைக் கற்பதற்குத்தான் 50 நாள் பயிற்சி!

யார் சேரலாம்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர். ஒருவர் 'பைலட்' எனப்படும் ஓட்டுநர். இன்னொருவர் 'இ.எம்.டி' எனப்படும் மருத்துவ உதவியாளர்.

நர்சிங், பார்மஸி, லேப் டெக்னீஷியன் படித்தவர்கள் மட்டுமல்ல, பி.எஸ்ஸி விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டதாரிகளும் மருத்துவ உதவியாளராக விண்ணப்பிக்கலாம். ஆண், பெண் இருபாலருக்கும் வாய்ப்பு உண்டு. வயது வழக்கமாக 19 முதல் 30 வரை. மாவட்டங்களில் நடக்கும் ஆட்சேர்ப்பு முகாம்களில் எழுத்துத் தேர்வு, முதலுதவி, உடற்கூறியல் பற்றிய நேர்காணல் எனப் பல கட்டங்கள் இருக்கும். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என மூன்று இடங்களில் பயிற்சி.

செய்யக் கூடாததே பாதிப் பாடம்

என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இணையாக, எதைச் செய்யக் கூடாது என்பதும் இந்தப் பயிற்சியில் முக்கியம். புதுக்கோட்டை மாவட்டத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடப்பது கந்தர்வகோட்டை அருகே உள்ள தச்சங்குறிச்சியில். அங்கிருந்து விராலிமலை வரை சீசன் முழுக்க வாடிவாசல் அருகே ஆம்புலன்ஸ்கள் காத்திருக்கும். கொம்பு குத்தி வயிறு கிழிந்து குடல் வெளியே வந்துவிட்டால், அதை உள்ளே தள்ளக் கூடாது. ஈரமான, சுத்தமான துணியால் மூடித்தான் கொண்டுபோக வேண்டும். உடம்பில் கம்பி குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தக் கம்பியாக இருக்கலாம்.

வயல்வெளியில் பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நடுவழியில் பிரசவ வலி முற்றிவிட்டால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் துணிச்சலும் பயிற்சியில்தான் வருகிறது. தொப்புள்கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறந்த குழந்தையை ஈரம் போகத் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்த வேண்டும்.

சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் ஆலோசனை கேட்கலாம். ஆனால், நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது உதவியாளரின் பொறுப்பு. ஜெகதாப்பட்டினம் கடற்கரையிலிருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரம் முழுக்க நோயாளியின் பக்கத்தில் இருப்பது அந்த ஒருவர்தான்.

பிட்ஸ்பர்க் காட்டிய வழி

இது டாக்டர்களால் மட்டுமே முடிகிற வேலை என்றுதான் ஒருகாலத்தில் உலகமே நினைத்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1960-களில் நோயாளிகளைப் போலீஸ் வேன்தான் அள்ளிக்கொண்டு போகும். பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் 1966-ல் தன் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தார். மறுவருடம் அந்த ஊரில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை உருவானபோது, பயிற்சித் திட்டத்தை வகுத்தவர் அவர்தான். பயிற்சி பெற்றவர்கள், வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்கள். முறையாகக் கற்றுக்கொடுத்தால் சாதாரண இளைஞர்களாலும் உயிரைக் காப்பாற்ற முடியும் என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

வண்டி வரும்வரை...

108-ல் பகல், இரவு என 12 மணி நேர ஷிஃப்ட். பொங்கலும் தீபாவளியும் பெரும்பாலும் வண்டியிலேயே கழியும். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள், வீட்டில் இதைப் பேசி முடிவெடுப்பது நல்லது.

வேலைக்குப் போகாதவர்களும் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒருவர் பேச்சுமூச்சின்றி விழுந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் கோத்து வைத்து, இரண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

'போலீஸ், கேஸ்னு அலையணுமே' என்ற பயமும் வேண்டாம். விபத்தில் உதவுபவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதி. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

அடுத்த முறை 108-லிருந்து இறங்குபவர் ஒரு நொடி நின்று சுற்றிலும் பார்த்தால், 'சீக்கிரம்' என்று கத்த வேண்டாம். 'நான் என்ன செய்யணும், சொல்லுங்க' என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்படுவது இன்னும் இரண்டு நிதானமான கைகள்தான்!