கட்டடம் இல்லாத வியாபாரி

காத்தோங்கில் பழைய கட்டடங்களுக்கு நல்ல மரியாதை உண்டு. ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் ‘சிவப்பு வீடு’ என்று பெயர்பெற்ற காத்தோங் பேக்கரி 1925இல் தொடங்கி 2003இல் மூடப்பட்டது. பிறகு அந்த இடத்தைச் செப்பனிட்டு அடையாளம் மாறாமல் பாதுகாத்திருக்கிறார்கள். பக்கத்து ஜூ சியாட் 2011இல் சிங்கப்பூரின் முதல் மரபுடைமை நகராக அறிவிக்கப்பட்டது. இலங்கைத் தமிழர்கள் வளர்த்த சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலும் வரலாற்றுத் தலங்களில் ஒன்று.

இந்தத் தெருக்களில் சைக்கிளில் ரொட்டி விற்ற தமிழருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய கடை முழுவதும் பின்சீட்டில் கட்டிய தகரப் பெட்டிக்குள் அடங்கியது. பெட்டியை இறக்கி வைத்ததும் கடையும் முடிந்துபோனது.

பேக்கரியில் சூடு ஆறாத ரொட்டிகளை அடுக்கிக்கொண்டு காலையில் ஒரு சுற்று, பிற்பகலில் ஒரு சுற்று. ஹாரன் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவார்கள். மேல்தோல் சீவிய ரொட்டியைக் கனமாக அறுத்து, வெண்ணெயோ காயாவோ தடவிக் கொடுப்பார். கைப்பிடியில் முறுக்கும் வறுவலும் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும். பெரனாக்கான் வீட்டு அம்மாவிடமும் யூரேசிய வீட்டுப் பாட்டியிடமும் சந்தை மலாயில் பேசுவார்; தமிழர் வீட்டு வாசலில் ஊர்க்கதையும் சேர்ந்துகொள்ளும். கையில் காசில்லாத நாளில் கணக்கு எழுத ஒரு சின்ன 555 நோட்டுப் போதும். மாதக் கடைசியில் பாக்கி வந்து சேரும் என்பது அவர் நம்பிக்கை. கூட்டி எழுதமாட்டார் என்பது வாங்குகிறவர்களின் நம்பிக்கை.

அந்த நோட்டின் மறுபக்கத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. பலருக்கு மனைவி மக்கள் தமிழ்நாட்டில். இங்கே நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறையில் படுத்து, மிச்சம் பிடித்ததை மணியார்டராக அனுப்பினார்கள். தங்கை கல்யாணம், வீட்டுக்கு ஓடு, பையனின் படிப்பு எல்லாம் ரொட்டிக்குச் சில காசு லாபத்தில் நடந்தவை. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருகிறவர்களைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் குடும்பத்தை அழைத்துவருவது எளிதாக இல்லை.

தென்காசி, கடையநல்லூர்க்காரர்கள் பலர் இதில் வேறுபட்டார்கள். அவர்கள் குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். ஆண்கள் சில்லறை வியாபாரம் பார்க்க, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காகச் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் உயர்நிலை வகுப்புவரை வளர்ந்த அந்தப் பள்ளி 1982 வரை நடந்தது. தெருவில் விற்ற காசு பள்ளிக்கூடமாக மாறிய கதை அது.

ஒரு வியாபாரியின் பெயர் நிலைக்க என்ன வேண்டும் என்பதற்கு சிராங்கூன் ரோட்டில் விடை இருக்கிறது. 1905இல் கப்பலேறி வந்த பி. கோவிந்தசாமிப் பிள்ளை பலசரக்குக் கடையில் சம்பளத்துக்கு நின்றவர். பிறகு சொந்தக் கடை வைத்து, துணி, பலசரக்கு என்று பிஜிபி கடைகளை வளர்த்தார். சீனிவாசப் பெருமாள் கோயிலின் ராஜகோபுரத்திலும் திருமண மண்டபத்திலும் அவர் கொடை இருக்கிறது. 1980இல் மறைந்த அவரை மண்டபத்தின் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. அந்த மரியாதைக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் ஒரே மாதிரி கப்பலில் வந்து, ஒரே மாதிரி உழைத்து, கையில் வந்ததையெல்லாம் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டவரை எந்தக் கல்வெட்டில் தேடுவது?

ரொட்டிக்காரரை யாரும் துரத்தவில்லை, ஊர் மாறியது. 1966இல் கிழக்குக் கடற்கரையில் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. பங்களா வீடுகளின் பின்வாசலில் இருந்த கடல் தள்ளிப்போக, அந்த இடத்தில் 1970களில் மரீன் பரேட் அடுக்குமாடிகள் எழுந்தன. தெருவில் அடித்த ஹாரன் இருபதாம் மாடிக்கு எட்டுமா? 1968இல் தொடங்கி அங்காடிக்காரர்களுக்குப் பதிவும் உரிமமும் வந்தன. 1986க்குள் தெருவோர அங்காடிகள் உணவங்காடி நிலையங்களுக்குள் போய்ச் சேர்ந்தன. 1973இல் என்டியுசி தன் முதல் பேரங்காடியைத் தோ பாயோவில் திறந்தது. 1983இல் செவன் லெவன் வந்தது. சுத்தம், ஒரே விலை, குளிர்சாதனம் என மக்களுக்குக் கிடைத்த வசதிகள் உண்மையானவை. கடன் நோட்டுக்கு மட்டும் அங்கே இடமில்லை. சிலர் புளோக்குக்குக் கீழே மாமாக் கடை வைத்துச் சமாளித்தார்கள். மற்றவர்கள் தொழிலை விட்டார்கள், அல்லது ஊருக்குத் திரும்பினார்கள்.

அவர்களுடைய பிள்ளைகளில் யாரும் சைக்கிளை வாங்கி மிதிக்கவில்லை என்றால் அதை இழப்பாகப் பார்க்கத் தேவையில்லை. பிள்ளை அதே வெயிலில் அலையக்கூடாது என்பதற்காகத்தான் தகப்பன் அலைந்தார். தொழில் அவரோடு முடிவது அவர் ஆசைப்பட்ட வெற்றி. அதனாலேயே நினைவும் சீக்கிரம் அறுந்துபோகிறது. தொழில் தெரியாத பேரனுக்கு, தாத்தா “ஏதோ ரொட்டி வித்தார்” என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

மரபுடைமை என்றால் சுவரும் ஓடும் வண்ண ஓவியமும் என்று நாம் பழகிவிட்டோம். சுவர் இல்லாத தொழிலுக்குப் பேச்சுதான் ஆவணம். 1979இல் சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பதிவு அரசு அளவில் தொடங்கியது. தேசிய ஆவணக் காப்பகத்தில் வியாபாரிகளும் கூலித் தொழிலாளர்களும் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். ஆனால் எல்லாரிடமும் ஒலிப்பதிவுக் கருவி போய்ச் சேர முடியாது. அந்த வேலையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்க வேண்டும்.

அதற்குப் பாராட்டுரை வேண்டாம், கேள்விகள் வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? எந்தப் பேக்கரியில் எடுத்தீர்கள்? மிஞ்சிய ரொட்டியை என்ன செய்தீர்கள்? மழை நாளில் எங்கே ஒதுங்கினீர்கள்? வராத பாக்கியை எப்போது கிழித்துப் போட்டீர்கள்? ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், உங்களுக்கு எவ்வளவு வைத்துக்கொண்டீர்கள்? “நல்ல மனுஷன், யார் வம்புக்கும் போகமாட்டார்” என்ற ஒரு வரி இரங்கலை விட இந்தப் பதில்கள் ஒருவரின் வாழ்க்கையை அதிகம் சொல்லும். பதில் சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் தாமாகப் பேச மாட்டார்கள். நாம்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், இந்த ஞாயிற்றுக்கிழமையே.