இருட்டில் பதுங்கும் ஆசாமி இனி தப்ப முடியுமா? உடம்புச் சூட்டை வைத்தே காட்டிக் கொடுக்கும் "இரட்டைக் கண்" கேமரா!

வள்ளியூர்,

ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வியாபாரிக்கு உள்ள தைரியம் எல்லாம் வாசலில் மாட்டிய கேமராதான். ஆனால் காலையில் படத்தைப் போட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது? கறுப்பாக ஏதோ ஒன்று போகிறது. அது ஆளா, நிழலா? யாருக்கும் தெரியாது! பஸ் விளக்கு பட்டால் அதுவும் போச்சு. படமே வெளுத்துவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் இரட்டைக் கண் அகச்சிவப்புக் கேமரா.

சூடு மறையாது

மனித உடம்பின் உட்சூடு சுமார் 37 டிகிரி. அந்தச் சூடு அகச்சிவப்புக் கதிராக எந்நேரமும் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. வெப்பக் கேமராவுக்குத் தெரியும். அமாவாசை இருட்டிலும் ஆள் பளிச்சென்று தெரிவான். கூட வரும் நிழலுக்குச் சூடு ஏது? அது கேமராவை ஏமாற்றாது.

இரண்டு எதற்கு?

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், கை தடுமாறும். தூரம் தெரிய இரண்டு கண் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு கேமராவின் படங்களிலும் அதே ஆள் சற்று விலகி விழுவான். கிட்டே வர வர விலகல் கூடும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் தூரத்தைக் கணக்குப் போடும். தூரம் தெரிந்தால் உயரமும் தெரியும். வந்தது தெருநாயா, மனிதனா என்று புரிந்துவிடும். இரண்டு பேர் குறுக்கே கடந்தாலும் முன்னவன் யார், பின்னவன் யார் என்று பிரித்து விடாமல் தொடரும்.

மதுக்கரையில் யானைக்குக் காவல்

தூரம் அளக்காத சாதாரண வெப்பக் கேமரா தமிழ்நாட்டிலேயே வேலை செய்கிறது. கோவை மதுக்கரை அருகே 2021 நவம்பர் 26 இரவு ரெயில் மோதி 3 யானைகள் பலியாயின. அந்த வழித்தடத்தில் வனத்துறை 7 கோடியே 24 லட்சம் ரூபாய் செலவில் 12 கோபுரங்கள் அமைத்தது. அவற்றில் வெப்பக் கேமராவும் சாதாரணக் கேமராவும் உண்டு. 2024 பிப்ரவரியில் இயக்கி வைக்கப்பட்டது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரெயில்வேக்கு உடனே தகவல் பறக்கும்.

ஏமாறாதீர்கள்!

வெப்பக் கேமராவைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினால் காசு தண்டம். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை விடாது. நெல்லைச் சீமை சித்திரை வெயிலில் சுவரும் தரையும் உடம்பு அளவு சூடேறினால் கேமராவும் திணறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் வந்தான் என்றுதான் அது சொல்லும். யார் என்று சொல்லாது! மூக்கும் முழியும் தெரியாது, சட்டை நிறமும் தெரியாது. அதனால் பக்கத்தில் சாதாரணக் கேமரா ஒன்றும் வேண்டும். படம் கோர்ட்டில் எடுபட, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும்.

வெள்ளை உருவத்தைப் பார்த்துவிட்டு, "இவன்தான்லே அது!" என்று தெருவில் போகிறவனைப் பிடித்துக் கட்டிப்போட்டால் கம்பி எண்ணப்போவது திருடன் அல்ல, கட்டிப்போட்டவர்தான்!